நிலத்தடிச் சேமிப்பும் விண்ணில் எழுதப்படும் கணக்கும்

வங்கிக் கணக்கில் எவ்வளவு இருப்பு உள்ளது என்பதை நாம் நொடிப்பொழுதில் அறிந்துகொள்கிறோம். ஆனால் நம் காலடியில் சேமிப்பாக இருக்கும் நீரின் இருப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கிணறு வற்றும் நாளில்தான் அது குறைந்துவிட்டதை உணர்கிறோம். உலகிலேயே மிகுதியாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. எனவே இந்த இருப்பை அளந்தறிவது நமக்கு இன்றியமையாதது.

2002 மார்ச் மாதத்தில் அமெரிக்காவும் ஜெர்மனியும் இணைந்து ‘கிரேஸ்’ என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்களை ஏவின. ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றிய அவை, நிலத்தைப் படம் பிடிக்கவில்லை. தமக்கிடையே உள்ள தொலைவையே இடைவிடாது அளந்தன. ஓரிடத்தில் நிறை மிகுந்தால் அங்கே ஈர்ப்பு விசையும் சற்று மிகும். முன்னே செல்லும் கோள் அவ்விடத்தை நெருங்கும்போது சற்றே முன்னிழுக்கப்படும், இடைவெளி கூடும். தலைமுடியின் தடிமனினும் குறைந்த மாற்றமும் இந்த அளவீட்டில் பதிவாகும். மலையும் பாறையும் மாதந்தோறும் மாறுவதில்லை. நிலப்பரப்பில் அவ்வாறு மாறுவது பெரும்பாலும் நீரே. அந்த மாற்றத்திலிருந்து மண்ணின் ஈரம், ஏரி, ஆறு, பனி ஆகியவற்றின் பங்கைக் கழித்தால் எஞ்சுவது நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கமாகும்.

இம்முறையில் மேத்யூ ரோடெல் தலைமையிலான ஆய்வுக் குழு 2009ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, தில்லி ஆகிய பகுதிகளில் 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாக அது கணக்கிட்டது. இது ஏறத்தாழ 3,850 டி.எம்.சி.; பக்ரா அணையின் கொள்ளளவைப் போல ஏறக்குறைய பதினொரு மடங்கு. அந்த ஆண்டுகளில் மழை இயல்பை ஒட்டியே பெய்தது. ஆக, வரவு குறையவில்லை, செலவே மிகுந்தது.

செலவின் பெரும்பகுதி பாசனத்துக்கே. பருவமழைக்கு முன், கடும் வெயிலில் நடப்படும் நெல்லுக்கு ஆழ்துளைக் கிணறுகளே துணை. இதனைக் கருதியே பஞ்சாப் அரசு 2009இல் சட்டம் இயற்றி, ஜூன் 10ஆம் நாளுக்கு முன் நெல் நாற்று நடுவதைத் தடை செய்தது.

விண்ணிலிருந்து எழுதப்படும் இக்கணக்குக்கும் எல்லை உண்டு. பல நூறு கிலோமீட்டர் பரந்த பகுதியின் மொத்த இருப்பையே அது காட்டும். ஓர் ஊரின் நிலையைக் காட்டாது. அதற்கு மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கும் கண்காணிப்புக் கிணறுகளே துணை. 2017இல் கிரேஸ் ஓய்வுபெற்றது. அதன் வழித்தோன்றலான இரு கோள்கள் 2018 மே மாதம் முதல் அப்பணியைத் தொடர்கின்றன.

நீர்மட்டம் இறங்க இறங்க, துளை ஆழமாகிறது; மோட்டாரின் திறன் கூடுகிறது; கடனும் வளர்கிறது. ஆகவே ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் பெற எண்ணுவோர், அண்டைக் கிணறுகளின் கோடைக்கால நீர்மட்டம் சில ஆண்டுகளாக எவ்வாறு மாறியுள்ளது என்பதை முதலில் கேட்டறிதல் நலம். சொட்டுநீர்ப் பாசனமும், குறைந்த நீரில் விளையும் பயிரும் செலவைக் குறைக்கும். மழைநீர் சேகரிப்பு வரவைக் கூட்டும். எடுப்பது வரவை மீறாதிருந்தால் மட்டுமே எந்தச் சேமிப்பும் அடுத்த தலைமுறைக்கு எஞ்சும்.