கிரைண்டர் மாறலாம், மாவுப் பக்குவம் மாறாது!

குழந்தைக்காக இரண்டு, மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போவதென்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அதிலும் வெப்சைட் தயாரிக்கும் தொழிலில் கருவிகள் புடவை டிசைன் மாதிரி மாறுகின்றன. 2006-ல் ஜேக்வெரி, 2010-ல் ஆங்குலர் ஜே.எஸ்., 2013-ல் ரியாக்ட், 2014-ல் வியூ. இதில் ஆங்குலர் ஜே.எஸ்.ஸுக்கான ஆதரவை 2021 முடிவோடு கூகுள் நிறுத்தியும் விட்டது!

உக்கடத்திலிருந்து விளாங்குறிச்சிப் பக்கம் இந்த வேலைக்குப் போகிறவள் நான். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் திரும்பத் தயங்கியபோது என் மாமியார் கேட்டார்:

"ஏன் அம்மிணி, ஆட்டுக்கல்லு போயி கிரைண்டர் வந்துச்சு. மாவுப் பக்குவமா மாறிப்போச்சு?"

எவ்வளவு உண்மை! கருவி எதுவானாலும் அடிப்படை ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., 1995-ல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும்தான். குழந்தை தூங்கும் அரைமணியில் முதலில் இவற்றைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். எம்.டி.என். தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். பிறகு உங்கள் ஆபீசில் புழங்கும் ஒரே ஒரு கருவியைப் பழகினால் போதும். பக்கத்து மேசைக்காரர் வயதில் சின்னவரானாலும் சந்தேகம் கேட்கக் கூச்சம் வேண்டாம்.

புதுசு கற்கும் வேகத்தில் மேசையிலேயே டீ, மேசையிலேயே சாப்பாடு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பாதம் தரையில் படியட்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். 20 நிமிஷத்துக்கொரு முறை, 20 அடி தள்ளியுள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். சாப்பாட்டுக்கு எழுந்து போங்கள்.

கருவி இன்னொன்று வரும், பழகிக்கொள்ளலாம். கண்ணும் இடுப்பும் வேறு வாங்க முடியுமா, சொல்லுங்கள்?