உடைந்த பாகத்தை வார்ப்பதா, அச்சிடுவதா?

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, இன்றும் குத்தகைக் காணியில் செய்கை பண்ணும் குடும்பத்துக்கு நீர் இறைக்கும் மெசின் பெரிய முதல். பழைய மெசினின் சிறு பாகம் ஒன்று உடைந்து, கடையிலும் அது இல்லையென்றால் வெங்காயத் தறை காய்ந்துவிடும். குத்தகைக் காசும் போய்விடும். முன்னர் இதற்குக் கம்மாலையும் லேத் பட்டறையுமே கைகொடுத்தன. இப்போது, கணினியில் வரைந்த உருவத்தைப் பிளாஸ்ரிக்கினால் படை படையாகக் கட்டியெழுப்பும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் வந்துள்ளது. இவ்வகை இயந்திரங்களுக்கான வழியை அமெரிக்கரான சார்ள்ஸ் ஹல் 1984 இலேயே காட்டினார். பிளாஸ்ரிக் இழையை உருக்கி அச்சிடும் முறையின் காப்புரிமை 2009 இல் முடிந்த பின்னர்தான் விலை மலிந்தது.

எதை நாடுவது? முதலில் எத்தனை பாகங்கள் தேவையென்று பார்க்க வேண்டும். போரில் காலிழந்த எம்மவர் பலர் அணியும் ஜெய்ப்பூர் காலை நினைத்துப் பாருங்கள். அதன் றப்பர் பாதம் ஒரே அளவில் பலருக்குத் தேவை. ஆகவே அதை உலோக அச்சில் வைத்து வேகவைக்கிறார்கள். அச்சின் செலவு பல பாதங்களுக்குப் பகிரப்படுகிறது. காலைப் பொருத்தும் மேற்குழாயோ ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவு. அதற்கு நிரந்தர அச்சுச் செய்து பயனில்லை. மெசின் பாகத்துக்கும் இதே கணக்குத்தான்: ஒன்று மட்டும் தேவையென்றால் வார்ப்பு அச்சுக்குச் செலவழிப்பது நட்டம்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. மலிவாகக் கிடைக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்ரிக் சுமார் 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். எஞ்சின் தலை, புகைக்குழாய் அருகே அது நில்லாது. மேலும், பனங்கிழங்கு நீளப்பாட்டில் கிழிவதுபோல, அச்சிட்ட பொருள் படைகளுக்கு இடையே பிளக்கும். எனவே சுழலும் தண்டு, புஸ், பற்சக்கரம் என்பவற்றை இரும்பிலோ பித்தளையிலோ லேத்தில் கடைவிப்பதே நல்லது. மூடி, கைபிடிக் குமிழ் போன்ற பாரம் தாங்காதவற்றைத் தாராளமாக அச்சிடலாம்.

பம்பின் உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரத்துக்கு இரண்டு முறையையும் சேர்ப்பதே எமக்குச் சரியெனப்படுகிறது. சக்கரத்தைப் பிளாஸ்ரிக்கில் அச்சிட்டு, அதை மாதிரியாக வார்ப்பு மணலில் பதித்து எடுத்தபின், அந்தக் குழியில் உருகிய அலுமினியத்தை ஊற்றி, ஆறியதும் லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம். அலுமினியம் ஆறும்போது 100 மில்லிமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கும். உடைந்த சக்கரத்தையே ஒட்டி மாதிரியாக வைத்தால் புதியது சிறுத்துவிடும். கணினியில் அந்த அளவை முன்கூட்டியே பெருப்பித்துக் கொள்ளலாம். மரத்தில் மாதிரி செதுக்குவதைவிட இது இலகு.

பட்டறைக்குப் போகும்போது உடைந்த துண்டுகள் முழுவதையும், அது பொருந்தும் தண்டையும் கொண்டு செல்லுங்கள். துண்டு மட்டுமிருந்தால் துளையின் சரியான அளவு தெரியாது. அயலில் அதே மெசின் வைத்திருப்போர் இருந்தால் அவர்களையும் கேட்டுப் பாருங்கள். நாலைந்து சக்கரங்களை ஒன்றாக வார்ப்பித்தால் மாதிரிக்கான செலவைப் பங்கிடலாம். வேலை முடிந்ததும் மாதிரியைப் பட்டறையில் விட்டுவிடாது, வெயில் படாத இடத்தில் வீட்டிலேயே வையுங்கள்.