இன்னொரு தடவை மோதலாமா?

சங்கரன்கோவில் ஸ்தல புராணத்தில் ஒரு பெரிய வழக்கு வருகிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவன் சிவபக்தன்; மற்றவன் விஷ்ணுபக்தன். யாருடைய தெய்வம் பெரிது என்று இருவருக்கும் வாதம் முற்றிப்போய், அம்பிகையிடம் முறையிட்டார்கள். அம்பிகை தவம் இருந்தாள். இறைவன் ஒரு பாதி அரனாகவும் மறு பாதி அரியாகவும் காட்சி தந்து வழக்கைத் தீர்த்து வைத்தார். மேலநீலிதநல்லூர் முதலான சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்து ஆடித்தபசுக்குத் திரண்டு போகும் ஜனங்கள் இன்றைக்கும் தரிசித்து மகிழ்வது அந்தத் தீர்ப்பைத்தான்.

தெய்வ விஷயத்தில் இதைவிடச் சிறந்த தீர்ப்பு இருக்க முடியாது. ஆனால் கோதாவில் இறங்கிய மனிதர்களிடம் "ஆளுக்குப் பாதி" என்று சொன்னால் என்ன நடக்கும்? 1999-ம் வருஷம் மார்ச்சு மாதம் நியூயார்க் நகரில் சொல்லிப் பார்த்தார்கள். லெனாக்ஸ் லூயிஸும் எவாண்டர் ஹோலிஃபீல்டும் உலக ஹெவி வெயிட் குத்துச் சண்டைப் பட்டத்துக்காக மோதினார்கள். நீதிபதிகள் மூவர். ஒருவர் லூயிஸுக்கே ஜயம் என்றார். ஒருவர் ஹோலிஃபீல்டுக்கே என்றார். மூன்றாமவர் இருவரும் சமம் என்றார். ஆகவே, சமம்! பார்த்திருந்தவர்களில் பெரும்பாலோர் லூயிஸ்தான் ஜயித்தார் என்று கண்ணால் கண்டவர்கள். அவர்கள் கைகூப்பித் தரிசித்துவிட்டுப் போகவில்லை. கூச்சல் அடங்கவே இல்லை. அதே வருஷம் நவம்பரில் இருவரையும் மறுபடி மோதவிட்டு, மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக லூயிஸ் பக்கம் கை காட்டிய பிறகுதான் அமைதி உண்டாயிற்று.

இப்படிச் சந்தேகத்துக்கு இடமான முடிவு ஏற்பட்டால், பட்டத்தை வைத்திருப்பவர் எதிராளிக்கு இன்னொரு சந்தர்ப்பம் தரத்தான் வேண்டுமா? தர வேண்டும் என்பது நமது கட்சி. அதுவும், எதிராளிக்குச் செய்யும் தர்மமாக அல்ல. தம்முடைய பட்டத்துக்குத் தாமே செலுத்தவேண்டிய கடனாக.

ஜோ லூயிஸ் என்ற நீக்ரோ வீரரின் பெயரை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1937-ம் வருஷம் முதல் அவரிடமிருந்து பட்டத்தைப் பறிக்க ஒருவராலும் முடியவில்லை. 1947-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி ஜெர்ஸி ஜோ வால்காட் அவரை எதிர்த்து நின்றார். வயது முப்பத்துமூன்று; குடும்பஸ்தர்; அதுவரையில் யாரும் பெரிதாக மதிக்காத ஆசாமி. அப்பேர்ப்பட்டவர் முதல் சுற்றில் ஒரு தடவையும், நாலாவது சுற்றில் ஒரு தடவையும் லூயிஸைத் தரையில் உட்கார வைத்துவிட்டார். பதினைந்து சுற்றும் முடிந்ததும், முடிவைச் சொல்லும் முன்பே லூயிஸ் மேடையை விட்டு இறங்கப் பார்த்தாராம். தோல்வி என்றே அவர் மனம் சொல்லிவிட்டது. ஆனால் நீதிபதிகள் இருவரும் அவருக்கே ஜயம் என்றார்கள். மேடைமேல் நின்று பார்த்த மத்தியஸ்தர் ஒருவர்தான் வால்காட் பக்கம் இருந்தார்.

லூயிஸ் அத்துடன் கையுறையைக் கழற்றி மாட்டியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவர் ஏழு மாதம் முடிவதற்குள், 1948-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி, மறுபடியும் வால்காட்டை எதிர்கொண்டார். மூன்றாவது சுற்றில் மறுபடியும் ஒரு தடவை விழுந்தார், எழுந்தார், பதினோராவது சுற்றில் வால்காட்டை எழுந்திருக்க முடியாதபடி அடித்து வீழ்த்தினார். மறு வருஷம் மார்ச்சு மாதம் பட்டத்தை விட்டு விலகினார். அதற்குப் பிறகு, 1947-ல் நடந்த அநியாயத்தைப் பற்றி யார் பேசினாலும், பேச்சின் பாதியிலேயே 1948 வந்து குறுக்கே நின்றது. (வால்காட்டும் சோர்ந்து போய்விடவில்லை. 1951-ல், முப்பத்தேழாவது வயதில், உலகப் பட்டத்தைக் கைப்பற்றியே விட்டார்.)

அதற்காக, "அநியாயம்" என்று கூவுகிறவனுக்கெல்லாம் மறு போட்டி தர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 1927-ம் வருஷம் சிக்காகோவில் ஜாக் டெம்ப்ஸி, ஜீன் டன்னியை ஏழாவது சுற்றில் வீழ்த்தினார். வீழ்த்தியவர் எட்ட உள்ள மூலைக்குப் போன பிறகுதான் மத்தியஸ்தர் எண்ண ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. டெம்ப்ஸி ஆவேசத்தில் அங்கேயே நின்றுவிட்டார். அவர் நகர்ந்த பிறகே எண்ணிக்கை தொடங்கிற்று. டன்னிக்கு ஏறக்குறையப் பதினாலு விநாடி கிடைத்தது. எழுந்து சண்டையிட்டு ஜயித்தும் விட்டார். இதைப்பற்றி இன்றும் தர்க்கம் செய்கிறார்கள். ஆனால் விதியை மீறியவர் டெம்ப்ஸி. தவிரவும், 1926-ல் டன்னியிடம் பட்டத்தை இழந்த அவருக்கு 1927-ல் கிடைத்ததே மறு போட்டிதான்! டன்னி மூன்றாவது தடவை அவரைச் சந்திக்காமல் ஓய்வு பெற்றதில் நமக்குக் குற்றம் தெரியவில்லை.

இந்தக் காலத்தில் இந்தத் தர்மசங்கடம் அதிகம் இல்லை. மறு போட்டியை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி விடுகிறார்கள். 2024 மே மாதத்தில் ரியாத் நகரில் நீதிபதிகள் பிளவுபட்ட தீர்ப்பால் உஸிக் டைசன் ஃப்யூரியை ஜயித்தார்; அதே டிசம்பரில் மறுபடி மோதி ஒருமனதான தீர்ப்பால் ஜயித்தார். நல்லதுதான். ஆனால் தகராறு வருவதற்கு முன்பே தகராறுக்கு டிக்கெட் விற்றாகிவிடுகிறது என்பதும் உண்மை.

ஒப்பந்தமும் இல்லாமல், கேட்பாரும் இல்லாமல் மறு போட்டி தந்த ஒரு மகா வீரர் நம் நாட்டிலேயே இருந்தார். அவர் குத்துச் சண்டைக்காரர் அல்ல, மல்யுத்த வீரர். காமா பயில்வான்!

1910-ம் வருஷம் காமா லண்டனுக்குப் போனார். ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேற்படாத அவரைப் பார்த்து, "இவரா?" என்று முதலில் உதட்டைப் பிதுக்கினார்கள். அமெரிக்க டாக்டர் ரோலரை அவர் புரட்டிப் போட்ட பிறகு உதடுகள் பழைய நிலைக்கு வந்தன. செப்டம்பர் 10-ந் தேதி ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானத்தில் போலந்து தேசத்துப் பெரும் பயில்வான் ஜிபிஸ்கோ எதிர்ப்பட்டார். உருவத்தில் காமாவைவிட எவ்வளவோ கனத்தவர். சண்டை ஆரம்பித்துச் சிறிது நேரத்துக்குள் காமா அவரைக் கீழே தள்ளிவிட்டார். ஜிபிஸ்கோ என்ன செய்தார்? குப்புறப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல், பூமாதேவியை விட்டுப் பிரியாமல் படுத்தே கிடந்தார்! இரு தோளும் மண்ணில் பட்டால்தானே தோல்வி? மார்பு எவ்வளவு நேரம் பட்டாலும் தோல்வி இல்லையே! முடிவு இல்லாமலே அன்றையச் சண்டை நின்றது.

மறு வாரம், 17-ந் தேதி, மீண்டும் மோதுவதென்று ஏற்பாடாயிற்று. காமா வந்தார், ஜனங்கள் வந்தார்கள், ஜிபிஸ்கோ வரவில்லை. ஜான் புல் பட்டம் காமாவுக்கு அளிக்கப்பட்டது. அந்நிய ஆட்சியின் தலைநகரிலேயே ஒரு இந்தியர் பட்டம் வாங்கினார் என்று நம் நாட்டில் ஊரெங்கும் பூரிப்பு. ஆனால் எதிராளி வராததால் கிடைத்த பட்டம் அது. தோளைத் தரையில் அழுத்திப் பெற்றதல்ல.

ஆகவேதான், 1928-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் பாட்டியாலா மகாராஜாவின் ஆதரவில் மறு போட்டி என்றதும் காமா இசைந்தது நமக்கு வியப்பாகத் தோன்றவில்லை. "நீ வராமல் ஓடியவன், உனக்கு என்ன மறு போட்டி?" என்று அவர் கேட்டிருந்தால், நியாயம் முழுவதும் அவர் பக்கமே இருந்திருக்கும். ஜிபிஸ்கோவும் இதற்குள் சாமானியராக இல்லை. அமெரிக்காவில் இரண்டு தடவை உலக மல்யுத்தப் பட்டம் பெற்றவர். தோற்றால் காமாவுக்குப் பதினேழு வருஷத்துப் புகழும் போய்விடும்.

பாட்டியாலாவில் பல்லாயிரம் ஜனங்கள் கூடியிருந்தார்கள். இந்தத் தடவை ஜிபிஸ்கோவுக்குக் குப்புறப் படுக்க அவகாசம் கிடைக்கவில்லை. ஒரு நிமிஷம் முடிவதற்குள் மல்லாந்து கிடந்தார்.

அப்போது இருவருக்கும் ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்குப் பதினேழு வருஷம் பிடித்தது. லண்டன் ஜனங்கள் காசு கொடுத்துக் காத்திருந்து பார்க்காமல் போன காட்சியைப் பாட்டியாலா ஜனங்கள் பார்த்தார்கள்.