கை முந்துமா, கண் முந்துமா?

கண்ணிமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் நம் இலக்கண நூலார் ‘மாத்திரை’ என்றனர். எழுத்தை ஒலிக்க ஆகும் காலத்தை அளக்க அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று தொலைக்காட்சித் திரையில் நடக்கும் ஒரு விளையாட்டுக்கு அந்த அளவு போதவில்லை. ஒரு மாத்திரைக்குள் ஒருவன் குத்துகிறான், மற்றவன் விழுகிறான், ஆட்டமே முடிந்துவிடுகிறது.

நாம் சொல்வது ‘இ.ஏ. ஸ்போர்ட்ஸ் யு.எஃப்.சி.’ என்னும் வீடியோ விளையாட்டைப் பற்றி. குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு முதலிய பல முறைகளையும் ஒரே களத்தில் அனுமதிக்கும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியை யு.எஃப்.சி. நிறுவனம் 1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கியது. அப்போட்டியை அப்படியே திரையில் காட்டும் இந்த விளையாட்டைக் கனடாவின் வான்கூவர் பகுதியிலுள்ள கூடம் ஒன்று உருவாக்கியது. முதல் பதிப்பு 2014இலும் ஐந்தாம் பதிப்பு 2023இலும் வெளிவந்தன. காயமும் இரத்தமும் மெய்போலக் காட்டப்படுவதால் ஐந்தாம் பதிப்பு அமெரிக்காவில் 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது என வகைப்படுத்தப்பட்டிருக்கிறது.

புதிதாக ஆடுபவர் என்ன செய்கிறார்? கன்ட்ரோலரின் பொத்தான்களை எவ்வளவு விரைவாக அழுத்த முடியுமோ அவ்வளவு விரைவாக அழுத்துகிறார். அடுத்தடுத்துத் தோற்கிறார். ‘எனக்குக் கைவேகம் போதாது, இது பிறவியிலேயே வரவேண்டும்’ என்று முடிவு கட்டிவிடுகிறார். தேர்வில் தோற்ற மாணவன் ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்வதைப் போன்ற முடிவு இது. இந்த முடிவு சரிதானா என்பதை ஆராய்வோம்.

நம் வேகம் எவ்வளவு?

முதலில் ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். 30 செ.மீ. அளவுகோல் ஒன்றை நண்பர் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் சுழிக்குறி உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கட்டும். சொல்லாமல் அவர் அதை விடவேண்டும். கண்டதும் நீங்கள் பிடிக்கவேண்டும். 20 செ.மீ. குறியில் பிடித்தீர்கள் என்று கொள்வோம். விழுந்த தூரத்தை இரண்டால் பெருக்கிப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் நேரம் கிடைக்கும். விடை 0.20 வினாடி. இதுவே உங்கள் துலங்கல் நேரம்.

பத்து முறை செய்து சராசரி எடுங்கள். நண்பருக்கும் செய்து பாருங்கள். பெரும்பாலோர்க்கும் விடை 0.2 வினாடியை ஒட்டியே அமையும். எவ்வளவு பழகினாலும் 0.15 வினாடிக்குக் கீழே இறங்குவது அரிது. நரம்பில் செய்தி கணப்பொழுதில் பாய்கிறது என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். 1850இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்து, வினாடிக்குச் சுமார் 30 மீட்டர்தான் என்று காட்டினார். விழித்திரை, மூளை, தண்டுவடம், தசை ஆகிய ஒவ்வோர் இடத்திலும் சிறிது காலம் கழிகிறது. இதை யாரும் தவிர்க்க முடியாது.

இப்போது குத்தின் கணக்கைப் பாருங்கள். முட்டி வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் 60 செ.மீ. தூரம் வருகிறது என்று கொள்வோம். ஆகும் நேரம் 0.1 வினாடி. நீங்கள் குத்தைக் கண்டு துலங்குவதற்குள் அது முகத்தில் இறங்கி மறு 0.1 வினாடியும் கடந்துவிடுகிறது! ஆகவே, கண்ட பின் தடுப்பது என்பது உலக வீரனுக்கும் இயலாத காரியம். அப்படியானால் வீரர்கள் எப்படித் தடுக்கிறார்கள்? அவர்கள் முட்டியைப் பார்ப்பதில்லை. அதற்கு முன் அசையும் தோளையும் இடுப்பையும் பாதத்தையும் பார்க்கிறார்கள்.

விளையாட்டிலும் இதுவே வழி. திரையில் தோன்றும் அசைவுகள் உண்மை வீரர்களின் உடலசைவைக் கருவிகளால் பதிவு செய்து அமைக்கப்பட்டவை. உதை வருமுன் இடுப்பு திரும்புவதும், மல்யுத்தப் பிடிக்குப் பாயுமுன் உடல் தாழ்வதும் அங்கேயும் உண்டு. கண்ணை அங்கே வையுங்கள்.

கருவிகள் உண்டாக்கும் தாமதமும் உண்டு. நான்காம் பதிப்பில் வினாடிக்கு 30 படங்கள். ஐந்தாம் பதிப்பில் 60 படங்கள். அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 0.033 வினாடியிலிருந்து 0.017 வினாடியாகக் குறைந்தது. தொலைக்காட்சிப் பெட்டி படத்தை மெருகேற்றிக் காட்டவும் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். அதன் அமைப்பில் ‘கேம் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் முதல் முன்னேற்றம் இது.

பத்து விளக்குகளின் பாடம்

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். அளவுகோல் சோதனையில் செய்யவேண்டிய செயல் ஒன்றே ஒன்று. சண்டையில் அப்படியா? மேலே வருமா, கீழே வருமா, குத்தா, உதையா, பிடியா என்று பல வாய்ப்புகள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஹிக் என்பவர் 1952இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். பத்து விளக்குகள், பத்து விரல்களுக்குப் பத்து விசைகள். எந்த விளக்கு எரிகிறதோ அதற்குரிய விசையை அழுத்தவேண்டும். விளக்குகளின் எண்ணிக்கை கூடக்கூடத் துலங்கல் நேரமும் கூடியது. கூடிய விதம் சுவையானது. இரண்டு நான்கானபோது எவ்வளவு கூடியதோ, நான்கு எட்டானபோதும் ஏறத்தாழ அவ்வளவே கூடியது. அதாவது, வாய்ப்புகள் இரட்டிக்கும்போதெல்லாம் ஒரே அளவு நேரம் சேர்கிறது. மடக்கை விதி என்பது இதுதான்.

ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 0.1 வினாடி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரே வாய்ப்பு என்றால் 0.2 வினாடி, இரண்டு என்றால் 0.3, நான்கு என்றால் 0.4, எட்டு என்றால் 0.5. நரம்பின் வேகத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் எட்டு வாய்ப்புகளை இரண்டாக்கிவிட்டால் 0.2 வினாடி இலாபம்! இதற்குக் கைவேகம் தேவையில்லை.

எப்படிக் குறைப்பது? தூரத்தால் குறைக்கலாம். ஒரு கை நீளத்துக்கு அப்பால் நில்லுங்கள். அங்கிருந்து குத்து எட்டாது. உதையோ பாய்ச்சலோ மட்டுமே வரமுடியும். எதிராளியை வேலியோரம் ஒதுக்குங்கள். பின்வாங்கும் வழி அடைபடும். இடமோ வலமோதான் அவர் நகர முடியும். முதல் சுற்றில் அவருடைய பழக்கத்தைக் கவனியுங்கள். இரண்டு குத்துக்குப் பின் எப்போதும் காலில் உதைக்கிறார் என்று கண்டுவிட்டால், அந்த இடத்தில் வாய்ப்பு ஒன்றாகிவிட்டது. அவர் தொடங்குமுன்னரே உங்கள் விரல் அங்கே காத்திருக்கும்.

இதே விதி எதிராளிக்கும் உண்டு என்பதை மறவாதீர்கள். அவருடைய வாய்ப்புகளைக் கூட்டுங்கள். தலைக்கே குத்திக்கொண்டிருந்தால் மேல்தடுப்பு ஒன்றே அவருக்குப் போதும். நடுவில் உடலுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று கலந்தால் அவர் தயங்குவார். அந்தத் தயக்கந்தான் உங்கள் வெற்றி.

மூச்சும் மோதலும்

விளையாட்டில் ஒவ்வோர் அடிக்கும் வீரனின் தெம்பு குறையும். இலக்குத் தவறிய அடிக்கு இன்னும் அதிகமாகக் குறையும். இது வெறும் விதியன்று. உச்ச வேகத்தில் இயங்கும் தசைக்கு உடனடி ஆற்றல் தரும் கிரியேட்டின் பாஸ்பேட் சுமார் 10 வினாடிக்குள் பெரிதும் செலவாகிவிடும். மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் வேண்டும். உண்மைப் போட்டியில் ஒரு சுற்று 5 நிமிடம். இடைவேளை 1 நிமிடம். முதல் அரை நிமிடத்தில் பொத்தான்களைப் பொரிந்து தள்ளுபவர் மீதி நேரமெல்லாம் தளர்ந்த கையுடன் நிற்கவேண்டியதே.

தளர்ந்தவர் ஆத்திரத்தில் முன்னே பாய்வதும் வழக்கம். உங்கள் முட்டி வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் செல்ல, அவர் 2 மீட்டர் வேகத்தில் எதிரே வந்தால் சார்பு வேகம் 8 மீட்டர். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 36க்குப் பதில் 64. அதாவது ஏறக்குறைய 1.8 மடங்கு. எதிர்க்குத்துக்கு விளையாட்டில் கூடுதல் சேதம் வைத்திருப்பது இயற்பியலுக்குப் பொருத்தமே.

எப்படிப் பழகுவது?

1979இல் ஷீ, மார்கன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனை செய்தனர். சிறு மரத்தடுப்புகளைக் கையால் தட்டி வீழ்த்த மூன்று வரிசைமுறைகள். ஒரு குழுவினர் ஒரு முறையை முடித்தபின் அடுத்ததைப் பழகினர். மற்றொரு குழுவினர் மூன்றையும் கலந்து பழகினர். பயிற்சியின்போது முதல் குழுவே விரைவாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது, கலந்து பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள்!

ஆகவே ஒரே உத்தியை ஐம்பது முறை செய்துவிட்டு ‘தேறிவிட்டேன்’ என்று மகிழாதீர்கள். விளையாட்டிலுள்ள பயிற்சிப் பகுதியில் தடுப்பு, நகர்வு, எதிர்க்குத்து மூன்றையும் கலந்து பழகுங்கள். பயிற்சியின்போது தடுமாறுவீர்கள். அதற்காகச் சோர்ந்துவிடவேண்டாம். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘என்னை வீழ்த்திய அடிக்கு முன்னால் அவர் உடலில் எது அசைந்தது?’ அதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பத்துத் தோல்விகளுக்குப் பின் அந்தத் தாளே உங்களுக்கு ஆசிரியராகும்.

மாலையில் ஒரு மணி நேரம் ஆடியவர் மறுநாள் இயற்கணிதத்துக்கு உட்காரும்போதும் இந்தத் தாள் உதவும். ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகப் போடாமல் கலந்து போடுங்கள். தவறிய கணக்கில் தவறிய இடத்தைக் குறியுங்கள். கையில் அளவுகோலை விட்டுப் பார்த்தோமே, அதில் உங்களுக்கும் வெற்றி வீரருக்கும் இருக்கும் வேறுபாடு நூறில் சில பங்கு வினாடிதான். மீதி வேறுபாடு முழுவதும் பழகிப் பெறக்கூடியது.