தனித்தொழில் ஓவியர்களும் என்.எஃப்.டி. விற்பனையும்: பணி கொடுப்போர் கருத வேண்டிய அறநெறிகள்

நூலின் அட்டைப்படம், திருமண அழைப்பிதழ், சிறுவர் கதைக்கான படங்கள், நிறுவனத்தின் சின்னம் போன்றவற்றை இன்று பலர் இணையம் வழியாகத் தனித்தொழில் ஓவியர்களிடம் (ஃப்ரீலான்சர்) வரைந்து வாங்குகின்றனர். அவ்வோவியர்களில் சிலர் தங்கள் படைப்புகளை என்.எஃப்.டி.யாகவும் விற்கின்றனர். அத்தகைய ஒருவரிடம் பணி கொடுக்கலாமா, கொடுத்தால் படம் யாருக்குச் சொந்தம், அதை என்.எஃப்.டி.யாக மாற்றும் உரிமை யாருக்கு உண்டு, ஊதியத்தை எப்படிக் கொடுப்பது நியாயம் என்னும் கேள்விகளை இக்கட்டுரை விளக்குகிறது.

என்.எஃப்.டி. என்பது என்ன?

ஒரு நூறு ரூபாய்த் தாளுக்கு ஈடாக இன்னொரு நூறு ரூபாய்த் தாளைப் பெற்றுக்கொள்ளலாம், மதிப்பு மாறாது. ஆனால் ஒரு வீட்டுப் பத்திரத்துக்கு ஈடாக வேறொரு வீட்டுப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ள முடியாது. இவ்வாறு ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாத மின்னணு அடையாள வில்லையே என்.எஃப்.டி. ஆகும். பிளாக்செயின் எனப்படும் பொதுப் பேரேட்டில் அது ஒரு பதிவாக இருக்கும். 'இந்த வில்லை இந்த மின்பணப்பைக்கு உரியது' என்று அப்பதிவு சொல்லும். படம் பெரும்பாலும் அப்பேரேட்டில் இருப்பதில்லை. வேறிடத்தில் சேமிக்கப்பட்டு, அதற்கான இணைப்பு மட்டுமே பதிவில் இருக்கும். ஒரு படத்தை இவ்வாறு பதிவு செய்வதை மின்ட் செய்தல் என்பர்.

எத்தீரியம் பேரேட்டில் இவ்வகை வில்லைகளுக்கான இ.ஆர்.சி.-721 என்னும் பொது விதிமுறை 2018-இல் முன்வைக்கப்பட்டது. 2021 மார்ச்சில் பீப்பிள் என்னும் அமெரிக்க ஓவியரின் 5000 படங்களைக் கொண்ட தொகுப்புப் படம் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் சுமார் 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு விற்பனையானபோது உலகின் கவனம் இதன்மேல் திரும்பியது. அதை வாங்கியவர் தமிழ்நாட்டிலிருந்து சென்று சிங்கப்பூரில் வாழும் விக்னேஷ் சுந்தரேசன்.

இங்கு மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய அடிப்படை உண்மை ஒன்று உண்டு. வில்லையை வாங்குவது வேறு, படத்தின் பதிப்புரிமையை வாங்குவது வேறு. ஒப்பந்தத்தில் தனியே எழுதப்பட்டிருந்தாலன்றி, வில்லை வாங்கியவருக்குப் படத்தை அச்சிடவோ படியெடுத்து விற்கவோ உரிமை வராது. 2021 நவம்பரில் ஸ்பைஸ் டாவோ என்னும் குழு, ஹோடோரோவ்ஸ்கி எடுக்கத் திட்டமிட்டுக் கைவிட்ட 'டியூன்' திரைப்படத்தின் வரைபடத் தொகுப்பு நூல் ஒன்றை 26 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்து ஏலத்தில் வாங்கியது. அதைப் பொதுவெளியில் வெளியிடவும் அசைபடத் தொடர் எடுக்கவும் திட்டமிட்டிருப்பதாகவும் அறிவித்தது. புத்தகத்தின் ஒரு படியை வாங்கினால் கதையின் உரிமை வந்துவிடாது என்பதைப் பலரும் சுட்டிக்காட்டினர். பாடநூல் வாங்கிய மாணவர் அதை அச்சிட்டு விற்க முடியாது என்பது போன்றதே இது.

எதிர்ப்புக்கான காரணங்கள்

என்.எஃப்.டி. விற்கும் ஓவியர்களுக்குப் பணி கொடுப்பதில்லை என்று சிலர் முடிவெடுப்பதற்கு மூன்று காரணங்கள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன.

முதலாவது, மின்செலவு. தொடக்கத்தில் எத்தீரியம் ஏராளமான கணினிகளைப் போட்டியிட வைத்துப் பதிவுகளைச் சரிபார்த்தது. அதற்குப் பெருமளவு மின்சாரம் தேவைப்பட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று அம்முறை கைவிடப்பட்டு, வைப்புத்தொகையை அடிப்படையாகக் கொண்ட முறை நடைமுறைக்கு வந்தது. மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. டெசோஸ் பேரேடு முன்பிருந்தே குறைந்த மின்செலவுடைய முறையைப் பின்பற்றியது. பிட்காயின் இன்றும் பழைய முறையிலேயே இயங்குகிறது. 2023 முதல் அதிலும் படங்கள் பதிவு செய்யப்படுகின்றன. எனவே 'என்.எஃப்.டி. சுற்றுச்சூழலைக் கெடுக்கும்' என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. எந்தப் பேரேடு, எந்த ஆண்டு என்று கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, திருட்டு. படத்தை வரைந்தவர்தாம் மின்ட் செய்கிறாரா என்பதைப் பேரேடு சோதிப்பதில்லை. ஓப்பன்சீ சந்தை 2022 ஜனவரியில் வெளியிட்ட அறிவிப்பின்படி, அதன் இலவச மின்ட் வசதியால் உருவாக்கப்பட்டவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பிறர் படைப்பைத் திருடியவை, போலித் தொகுப்புகள் அல்லது குப்பைகள். 2020-இல் மறைந்த கின்னி என்னும் இளம் ஓவியரின் படங்களைக்கூட மறு ஆண்டு சிலர் அனுமதியின்றி என்.எஃப்.டி.யாக விற்றனர்.

மூன்றாவது, சூதாட்டத் தன்மை. படத்தை விரும்பி வாங்குவோரைவிட, விலை ஏறும் என நம்பி வாங்குவோரே மிகுதி. கடைசியில் வாங்கியவர் நட்டப்படுகிறார். விற்பவர் கலைஞராக இருந்தாலும் அந்த நட்டத்தில் அவருக்கும் பங்குண்டு என்பது எதிர்ப்போர் வாதம்.

ஓவியர் தரப்பு

இதற்கு மறுபக்கமும் உண்டு. கணினியில் வரைந்த படத்தை யாரும் நொடியில் படியெடுத்துவிடலாம் என்பதால், மின்னணு ஓவியருக்கு 'மூலப்படம்' என்று விற்க ஒன்றும் இல்லாதிருந்தது. என்.எஃப்.டி. அந்தக் குறையை நீக்குவதாகத் தோன்றியது. படம் கைமாறும் ஒவ்வொரு முறையும் ஓவியருக்கு ஒரு பங்கு வரும் என்ற உறுதியும் தரப்பட்டது. மாத வருமானம் நிலையில்லாத தனித்தொழிலாளருக்கு இது பெரிய ஈர்ப்பு. ஆயினும் அந்தப் பங்கு பேரேட்டால் கட்டாயப்படுத்தப்பட்டதன்று. சந்தைகளின் விருப்பத்தைப் பொறுத்தது. ஓப்பன்சீ அதை 2023 ஆகஸ்டு இறுதியில் கட்டாயமற்றதாக்கியது.

பணி கொடுக்க மறுக்கலாமா?

யாரிடம் படம் வரையக் கேட்பது என்பது பணி கொடுப்பவரின் விருப்பம். ஒருவருடைய தொழில்முறை பிடிக்காவிட்டால் வேறொருவரை நாடுவதில் தவறில்லை. ஆனால் அந்த முடிவை எடுக்கும் முறையில் நியாயம் வேண்டும்.

திருடி விற்றவரையும் தம் படத்தைத் தாமே விற்றவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முன்னவர் செய்தது குற்றம். பின்னவர் செய்தது கருத்து வேறுபாட்டுக்குரிய தொழில் முடிவு. 2021-இல் இரண்டு படங்களை விற்றுவிட்டு நிறுத்திக்கொண்டவரையும், இன்றும் முழுமூச்சாக விற்பவரையும் ஒன்றாகக் கருதுவதும் சரியன்று.

காலமும் முக்கியம். ஓர் இதழ் அட்டைப்படத்துக்கு ஓவியரை அமர்த்துகிறது எனக் கொள்வோம். அவர் கோட்டோவியத்தை முடித்து அனுப்பிய பின், அவர் என்.எஃப்.டி. விற்பவர் என்று இதழாசிரியருக்குத் தெரிய வருகிறது. அதைக் காரணமாகக் காட்டிப் பணம் கொடுக்காமல் விலகுவது அறமாகாது. விலகலாம், ஆனால் செய்து முடித்த வேலைக்குக் கூலி கொடுத்துவிட்டே விலக வேண்டும். வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்பது நம் ஊர்களில் எல்லோரும் அறிந்த நெறி. கொள்கை உடையவர்கள் அதைப் பணி தொடங்குமுன்பே சொல்லிவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

விமர்சனம் துன்புறுத்தலாக மாறாமல் இருப்பதும் தேவை. மெமோ ஆக்டன் என்னும் கலைஞர் என்.எஃப்.டி. படங்களின் கார்பன் அளவைக் கணக்கிட்டுக் காட்டும் இணையதளம் ஒன்றை நடத்தினார். அமைப்பைத் திருத்துவதே அவர் நோக்கம். ஆனால் அதன் கணக்குகளைக் காட்டித் தனிப்பட்ட ஓவியர்களைச் சிலர் வசைபாடியதால் 2021-இல் அவரே அத்தளத்தை நிறுத்திவிட்டார். அமைப்பின் குறைக்கு அதன் கடைசிப் படியில் நிற்கும் ஓவியரை மட்டும் தண்டிப்பது எளிது, ஆனால் நியாயமன்று.

படம் யாருக்குச் சொந்தம்?

பணி கொடுப்போரும் ஓவியரும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் பகுதி இது. 'வரைந்தவருக்கே உரிமை' என்று ஓவியர் நினைப்பார். 'பணம் கொடுத்தவருக்கே எல்லாம்' என்று வாங்கியவர் நினைப்பார். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று எடுக்கப்படும் ஒளிப்படம், வரையப்படும் ஓவியம், உருவப்படம் போன்றவற்றுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டு வாங்கியவரே முதல் உரிமையாளர் ஆவார். பிரிட்டனில் இதற்கு மாறாக, எழுத்தில் மாற்றிக் கொடுத்தாலன்றி உரிமை ஓவியரிடமே இருக்கும்.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாத நிலையில், இந்திய ஓவியர் ஒருவர் கூலிக்கு வரைந்த ஓவியத்தைத் தாமே மின்ட் செய்தால், தம் கையால் வரைந்த படத்திலேயே உரிமை மீறியவராகிவிடக்கூடும். மறுபுறம், சில ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் அதே ஓவியத்தை மின்ட் செய்து பெருந்தொகைக்கு விற்றாலும் ஓவியருக்குப் பங்கு கேட்க வழியில்லாமல் போகலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே ஒன்று நேர்மையானதாகிவிடாது. விவரம் தெரிந்த தரப்பு தெரியாத தரப்புக்கு முன்கூட்டியே சொல்வதுதான் இங்கு அறம்.

உரிமையை எழுதி மாற்றும்போது 19-ஆம் பிரிவு பொருந்தும். கால அளவு குறிப்பிடாவிட்டால் அம்மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். இட எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் எனக் கொள்ளப்படும். மாற்றம் நடந்த நாளில் வணிகப் பயன்பாட்டில் இல்லாத புதிய ஊடகத்துக்கு, அதைத் தனியே குறிப்பிட்டிருந்தாலன்றி, அம்மாற்றம் பொருந்தாது என 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. பதிப்புரிமை கைமாறிய பின்னும், 57-ஆம் பிரிவின்படி, 'இது என் படைப்பு' என்று உரிமை கோரவும், தம் பெயருக்கு இழுக்கு வரும்படி படத்தைச் சிதைப்பதைத் தடுக்கவும் ஓவியருக்கு உரிமை உண்டு.

ஊதியத்தில் நேர்மை

என்.எஃப்.டி. திட்டங்களே ஓவியர்களை அமர்த்தும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. 2021 ஏப்ரலில் வெளியான 'போர்டு ஏப் யாட் கிளப்' தொகுப்பில் 10,000 குரங்குப் படங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 0.08 ஈதர் விலையில் விற்றுத் தீர்ந்தன. பின்னர் அவை பல மடங்கு விலைக்குக் கைமாறின. அவற்றின் முதன்மை உருவத்தை வரைந்தவர் செனெகா என்னும் புனைபெயருடைய தனித்தொழில் ஓவியர். தமக்குக் கிடைத்த ஊதியம் சிறப்பானதாக இல்லை என்ற பொருள்பட அவர் 2022 தொடக்கத்தில் நேர்காணலில் குறிப்பிட்டார். தொகுப்பு இவ்வளவு பெரிதாகும் என்று பணி தொடங்கியபோது சொல்லியிருக்க முடியாதுதான். ஆயினும் எதிர்பாராத இலாபம் வந்தால் எப்படிப் பகிர்வது என்று முன்பே எழுதி வைப்பது முடியாத செயலன்று.

'இப்போது பணம் இல்லை, வில்லைகள் விற்றதும் பங்கு தருகிறோம்' என்று சொல்லி வேலை வாங்குவது இன்னும் தவறானது. விற்காமல் போனால் நட்டம் முழுவதும் உழைத்தவர்மேல் விழுகிறது. உழைப்புக்கான அடிப்படை ஊதியம் உள்நாட்டுப் பணத்தில் கிடைக்க வேண்டும். பங்கு அதற்கு மேல் இருக்கலாம். இந்தியாவில் என்.எஃப்.டி. உள்ளிட்ட மெய்நிகர் மின்னணுச் சொத்துகளைக் கைமாற்றி வரும் வருமானத்துக்கு 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 30 விழுக்காடு வரி விதித்தது. 2022 ஜூலை 1 முதல் 1 விழுக்காடு வரிப்பிடித்தமும் நடைமுறைக்கு வந்தது. எனவே மின்பணமாக ஊதியம் தர விரும்புவோர் இந்தச் சுமையை ஓவியருக்கு விளக்கி, அவர் இசைவைப் பெற வேண்டும்.

ஓவியரின் கடமைகள்

அறம் இரு தரப்புக்கும் உரியது. வாடிக்கையாளரின் கதைமாந்தரையோ சின்னத்தையோ அவர் அனுமதியின்றி மின்ட் செய்வது நம்பிக்கை மோசடி. குடும்பத்தினர் வரையக் கேட்ட குழந்தையின் உருவப்படத்தை விற்பனைச் சந்தையில் ஏற்றுவது அதைவிடப் பெரிய பிழை. பேரேட்டில் ஒருமுறை பதிவானதை அழிப்பது ஏறத்தாழ இயலாத காரியம் என்பதால், பின்னர் மன்னிப்புக் கேட்டாலும் பதிவு அப்படியே நிற்கும். பணி நிமித்தம் பிறர் தந்த மாதிரிப் படங்களைத் தம் விற்பனைக்குப் பயன்படுத்துவதும் தவறே.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

வழக்கறிஞர் எழுதிய நீண்ட ஆவணம் எல்லாச் சிறு பணிகளுக்கும் தேவையில்லை. இருவரும் கையொப்பமிட்ட ஒரு பக்கத் தாள் போதும். அதில் கீழ்க்கண்டவை தெளிவாக இருக்க வேண்டும்:

1. பதிப்புரிமை யாரிடம் இருக்கும். எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நாடுகளில்.
2. படத்தை மின்ட் செய்யும் உரிமை ஓவியருக்கா, வாங்குபவருக்கா, இருவருக்கும் இல்லையா.
3. மின்ட் செய்தால் எந்தப் பேரேட்டில். முதல் விற்பனையில் யாருக்கு எவ்வளவு பங்கு.
4. ஊதியம் எவ்வளவு, எந்த நாளில், எந்தப் பணத்தில். எத்தனை திருத்தங்கள் அதில் அடங்கும்.
5. பணி பாதியில் நின்றால் கொடுக்க வேண்டிய தொகை.
6. ஓவியரின் பெயர் எங்கே, எவ்வாறு இடம்பெறும்.
7. ஓவியர் தம் மாதிரித் தொகுப்பில் படத்தைக் காட்டலாமா.

முடிவுரை

என்.எஃப்.டி. சந்தை 2021-இல் இருந்த நிலையில் இன்று இல்லை. நாளை வேறொன்று அதன் இடத்துக்கு வரலாம். ஆனால் இக்கட்டுரையில் எழுந்த கேள்விகள் புதியவை அல்ல. உழைத்தவருக்கு உரிய கூலி, படைத்தவருக்கு உரிய பெயர், கொடுத்த வாக்கைக் காத்தல், தெரிந்ததை மறைக்காமை ஆகியவை கருவி மாறினாலும் மாறுவதில்லை. படம் வரையக் கேட்பவரும் வரைந்து தருபவரும் பணி தொடங்குமுன் கால் மணி நேரம் பேசி எழுதிக்கொண்டால், பின்னாளில் எழக்கூடிய பெரும்பாலான மனக்கசப்புகளைத் தவிர்க்கலாம்.