ஆபரேஷனுக்குப் பின் காய்ச்சல்: தையலா, வயலா?

குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மறுநாள் இரவு உடம்பு கொதித்தால், துணைக்கு இருப்பவர்களின் கண் முதலில் தையலுக்குத்தான் போகும். "சீழ் பிடிச்சிருச்சோ?"

பெரும்பாலும் இல்லை. வெட்டுப்பட்ட திசுக்களிலிருந்து கிளம்பும் இன்டர்லூகின்-6 போன்ற பொருள்களே உடம்பைச் சூடேற்றுகின்றன. முதல் 48 மணி நேரக் காய்ச்சலில் பெரும்பகுதி இந்த வகை, தானே தணிந்துவிடும். தையலில் சீழ் வைக்கச் சாதாரணமாக ஐந்து நாளாவது ஆகும்.

விதிவிலக்குகள்தான் உயிரைக் குடிப்பவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குளோஸ்ட்ரிடியம் கிருமிகள் ஒரே நாளில் சதையை அழித்துவிடும். காயம் பார்வைக்குச் சுமாராக இருக்க, வலி மட்டும் தாங்க முடியாமல் போகும். தோல் நிறம் மாறினாலோ, தொட்டால் நறநறத்தாலோ உடனே தையலைப் பிரித்தாக வேண்டும். ஏற்றிய ரத்தம் ஒவ்வாவிட்டாலும் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்.

அரிதாக, மயக்க மருந்தே காரணமாகும். மெல்போர்னில் கால் முறிந்து வந்த ஓர் இளைஞர் முறிவைவிட மயக்க மருந்துக்கே அதிகம் அஞ்சினார். அவருடைய உறவினர்கள் பத்துப் பேர் ஈதர் கொடுத்தபின் இறந்திருந்தார்கள். டென்பரோ, லவல் என்ற மருத்துவர்கள் 1960-ல் லான்செட் இதழில் இதை எழுதிய பிறகே அந்தப் பரம்பரைக் கோளாறு மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. தசை விறைக்கும், மூச்சில் கரியமில வாயு கூடும். மாற்று மருந்து டான்ட்ரோலீன்.

தஞ்சாவூர்ப் பக்கம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "கடைசியா எப்ப வயல்ல எறங்குனீங்க?" எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீரிலிருந்து கால் வெடிப்பு வழியே நுழையும் எலிக்காய்ச்சல் கிருமி, வெளிப்படப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். வரப்புப் புதரில் கடிக்கும் சிற்றுண்ணியால் வரும் உண்ணிக்காய்ச்சலும் அப்படியே. சம்பா நடவு முடிந்த கையோடு, தள்ளிப்போட்டிருந்த ஆபரேஷனுக்கு வருகிறவர் அதை உடம்பிலேயே கொண்டுவந்திருக்கலாம். மூன்றாம் நாள் அது தலைகாட்டினால் பழி கத்தி மேல் விழும்.

உண்ணி கடித்த இடத்தில், அக்குளிலோ தொடை இடுக்கிலோ, சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருக்கும், எல்லோருக்கும் இருப்பதில்லை. துணியை விலக்கித் தேட ஒரு நிமிஷம் போதும். ஆபரேஷனுக்குப் பின் வழக்கமாகப் போடும் செஃபலோஸ்போரின் ஊசி உண்ணிக்காய்ச்சல் கிருமியைத் தொடவே தொடாது, டாக்ஸிசைக்ளின் வேண்டும். நோய் முற்றிய நிலையில் அதோடு அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது மேல் என்று, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது.

நெல்வயல் மண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி சர்க்கரை நோயாளிகளைக் குறிவைக்கிறது. ரத்தப் பரிசோதனையில் அது சூடோமோனாஸ் என்று தவறாகக் கணிக்கப்படுவதுண்டு. ஆய்வகச் சீட்டில் "வயல் வேலை, சர்க்கரை நோய்" என்று குறித்து அனுப்பினால், அந்தக் கிருமி இருக்கிறதா என்று ஆய்வகத்தார் தனியாகத் தேடுவார்கள்.