மெடிக்கல் ஷாப்பில் மருந்து எழுதித் தரலாமா?

ஆரணியில் பட்டு நெய்பவர்களுக்கு இடுப்புவலியும் கழுத்துவலியும் தொழிலோடு வருபவை. டாக்டரிடம் போனால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. அதனால் "அண்ணா, வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்பது எல்லா ஊரையும் போல இங்கும் வழக்கம். அதைச் சட்டம் அனுமதிக்கிறதா?

சட்டம் என்ன சொல்கிறது?

வலிக்குப் பரவலாக விற்கும் டைக்ளோஃபெனாக், 'ஷெட்யூல் எச்' மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. காசநோய் மருந்துகளும் முக்கியமான சில ஆன்டிபயாடிக்குகளும் 2014 மார்ச் முதல் 'ஷெட்யூல் எச்1' பட்டியலில் உள்ளன. அவற்றை வாங்கியவர், எழுதிய டாக்டர் விவரங்களைப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கவே பதிவுபெற்ற மருந்தாளுநர் தேவை என்கிறது 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம். எழுதித் தரும் உரிமை அவருக்கும் இல்லை.

ஆபத்து எங்கே?

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அவற்றைச் சாப்பிடுபவரே கடையில் வலி மாத்திரையும் வாங்குகிறார். டைக்ளோஃபெனாக் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். பி.பி.க்கு எனலாப்ரிலோ லோசார்டானோ, கூடவே நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு இதனால் சிறுநீரகமே பழுதாகலாம். கேட்டுத் தடுக்கும் கடைசி வாய்ப்பு மருந்தாளுநருக்குத்தான்.

மற்ற நாடுகளில்?

பிரிட்டனில் தனிப்பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் 2006 முதல் தாமாகவே மருந்து எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் தொண்டைவலி, காதுவலி, பெண்களின் சாதாரண சிறுநீர்த் தொற்று உள்ளிட்ட 7 உபாதைகளுக்கு மருந்துக்கடையிலேயே சிகிச்சை கிடைக்கிறது. யாருக்குக் கொடுக்கலாம், யாரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட நெறிமுறை உண்டு. கொடுத்த மருந்தின் விவரம் குடும்ப டாக்டருக்கும் போகிறது.

இங்கே என்ன செய்யலாம்?

2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, ஆரம்ப சுகாதாரத்தில் குறிப்பிட்ட மருந்துகளை மட்டும் எழுத, டாக்டர் அல்லாதவர்களுக்கும் வரம்புள்ள உரிமம் தர இடமளிக்கிறது. அந்த வாசலை மருந்தாளுநருக்கும் திறக்கலாம். ஆனால் பயிற்சி, குறுகிய மருந்துப் பட்டியல், பதிவேடு, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு தொடர்பு ஆகிய நான்கும் முன்னதாக வேண்டும். 2025 பிப்ரவரி 24-இல் தொடங்கிய 1,000 முதல்வர் மருந்தகங்களில் சிலவற்றில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

அதுவரை, வலி மாத்திரை கேட்கும்முன் வீட்டில் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை மருந்தாளுநரிடம் காட்டுங்கள். அவர் "டாக்டரைப் பாருங்கள்" என்றால் தட்டாதீர்கள்.